பாவின் மேல் பறந்த சோப்பு முட்டைகள்

எனக்கு முதல் வேலை கிடைத்தது பிள்ளையார்பாளையத்தில், நெசவாளர் தெரு ஒன்றின் நடுவே இருந்த ஓட்டுக்கூரைப் பள்ளிக்கூடத்தில். அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தோரு வயது. ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு ஓராண்டு வீட்டில் சும்மா இருந்தவளை ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். முப்பத்திரண்டு பிள்ளைகள். எல்லாருக்கும் ஐந்து வயது, மிஞ்சிப்போனால் ஆறு.

எங்கள் ஊர் திருப்பருத்திக்குன்றம். வேகவதியைக் கடந்து நடந்தால் அரைமணி நேரத்தில் பள்ளிக்கூடம் வந்துவிடும். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் எனக்குப் பட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாங்கள் சமணக் குடும்பம். புழுவைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுக்கும் நூல் என்பதால் அம்மா பட்டு உடுத்த மாட்டார். எனக்கும் வாங்கித் தந்ததில்லை. ஊரெல்லாம் காஞ்சிபுரம் பட்டு என்று பேசும்போது, காஞ்சிபுரத்துக்காரியான நான் இருபத்தோரு வயதுவரை பட்டைக் கையால் தொட்டதுகூட இல்லை. என் வகுப்புப் பிள்ளைகளோ தறிக் குழிக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டி வளர்ந்தவர்கள். இந்த வித்தியாசம் எனக்கு என்ன வினையைக் கொண்டுவந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

வேலையில் சேர்ந்து சில மாதங்கள் கழித்து, ஒரு நாள் இயற்கைப் பாடம் நடத்தினேன். 'காற்று எங்கும் நிறைந்திருக்கிறது' என்று நான் சொல்ல, முப்பத்திரண்டு பேரும் ராகம் போட்டுத் திருப்பிச் சொன்னார்கள். மூன்றாவது முறை சொல்லி முடித்ததும் இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து நின்றாள். தெருக் கோடியில் சாயப்பட்டறை வைத்திருந்தவரின் மகள். எப்போதும் விரல் நுனிகளில் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும்.

"காத்து எங்க டீச்சர் இருக்குது?" என்றாள்.

"எல்லா இடத்திலயும் இருக்குதும்மா."

"எங்க? காட்டுங்க."

கன்னத்தை உப்பிக் காட்டினேன். எல்லாரையும் உப்பச் சொன்னேன். வகுப்பு முழுக்க உப்பிய கன்னங்கள். அவளும் உப்பிப் பார்த்துவிட்டு, "இது என் வாயில இருக்குற காத்து. வெளியில இருக்குறது எங்க?" என்று கேட்டாள்.

மணி அடித்தது. தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் வீட்டுக்கு நடந்துபோகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு பப்பாளி மரங்கள் உண்டு. அதன் இலைக் காம்பு உள்ளே குழலாக இருக்கும். சிறுவயதில் நாங்கள் அதைச் சோப்புத் தண்ணீரில் முக்கி ஊதுவோம். காற்றைப் பிடித்து வைத்துக் காட்ட அதைவிட வேறென்ன வேண்டும்? மறுநாள் காலையில் ஒரு கட்டுப் பப்பாளிக் காம்பும், துணி துவைக்கும் மஞ்சள் பார் சோப்பில் பாதியும் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

அன்று வகுப்பு படுதோல்வி. மதிய உணவுக்கு வரும் பால்பவுடர் டின் ஒன்றில் சோப்பைக் கரைத்து, ஆளுக்கொரு காம்பு கொடுத்து, "ஊதுங்க" என்றேன். பாதிப் பேர் ஊதினார்கள். மீதிப் பேர் உறிஞ்சினார்கள். இளநீர் குடித்துப் பழகிய வாய்கள்! இருமலும் அழுகையும் துப்பலுமாகத் தாழ்வாரமே அமளியாகிவிட்டது. ஊதியவர்களுக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கோலிக்குண்டு அளவுக்கு ஒரு குமிழி வரும். காம்பைவிட்டுக் கிளம்புமுன் உடையும்.

வீட்டுக்குப் போய் யோசித்தேன். காம்பின் வாய்ப்பக்கத்தில், இரண்டு விரல் தள்ளி, கோணி ஊசியால் ஒரு ஓட்டை போட்டேன். இப்போது உறிஞ்சினால் ஓட்டை வழியாக வெறும் காற்றுதான் வரும், தண்ணீர் மேலே ஏறாது. ஊதினால் கொஞ்சம் காற்று வீணாகும், அவ்வளவுதான். பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் படித்ததில் சொல்லித் தராத ஒன்றை நானாகக் கண்டுபிடித்தேன் என்று அன்றைக்கு இருந்த பெருமை, பிறகு பணியில் வாங்கிய எந்தப் பாராட்டுக்கும் வரவில்லை.

உறிஞ்சும் தொல்லை தீர்ந்தது. குமிழி மட்டும் நிற்கவே இல்லை. சாயக்காரர் மகள்தான் என் புடவையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்: "எங்க வூட்டுத் தண்ணியில வுட்டா பெரிய முட்டையா வரும் டீச்சர். ஒடையவே ஒடையாது."

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் குமிழி என்று சொல்ல மாட்டார்கள். சோப்பு முட்டைதான்.

மறுநாள் அவளுடைய அப்பாவே ஒரு தகர டின்னில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பழுப்பு நிறம், கொழகொழவென்று இருந்தது, வேகவைக்காத பட்டுக்கே உரிய ஒரு மாதிரி வாடை அடித்தது. சாயம் போடுமுன் பட்டு நூலைச் சோப்பும் சோடாக்காரமும் போட்டு வேகவைப்பார்கள். நூலில் இயற்கையாக ஒட்டியிருக்கும் பசையெல்லாம் அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். அதை அவர் எனக்கு விளக்கியபோது, மகள் எதிரே நின்று, தான் சொன்னது சரிதானே என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுல காரம் இருக்குதும்மா. கண்ணுல பட்டா எரியும். ஒண்ணுக்கு மூணு தண்ணி ஊத்திக்கோங்க. பசங்கள வாயில வெக்காம பாத்துக்கோங்க" என்றார்.

நாலு பங்கு தண்ணீர் ஊற்றினேன். முதல் காம்பை நானே முக்கி ஊதினேன். தேங்காய் அளவுக்கு ஒரு குமிழி காம்பின் முனையில் திரண்டு, தொங்கி, ஆடி, மெல்லக் கழன்று, பிள்ளைகளின் தலைக்கு மேலே மிதந்து போயிற்று. அது சுவரில் மோதி உடைந்த பிறகுதான் கூச்சல் எழுந்தது.

"உள்ளே என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"டீச்சர் வுட்ட காத்து!"

"இப்ப எங்க போச்சு?"

ஒருவன் கையை விரித்து, அறை முழுவதையும் காட்டினான். சாயக்காரர் மகள் அந்தக் கை காட்டிய திசையெல்லாம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் முட்டை விடும் நாள் ஆயிற்று. நான் திட்டம்போட்டு நடத்தினேன் என்று சொன்னால் பொய். அவர்கள் எதையாவது செய்வார்கள்; நான் பின்னாலேயே போவேன். ஈர்க்குச்சியை வளைத்துச் சதுரமாகக் கட்டி அதில் ஊதினால் சதுர முட்டை வரும் என்று பந்தயம் கட்டினான் ஒருவன். வட்டமாகத்தான் வந்தது. முக்கோணமாகக் கட்டினான். அப்போதும் வட்டம். கோபத்தில் குச்சியை முறித்துப் போட்டுவிட்டு, அடுத்த நாள் நட்சத்திரம்போல ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தான். காய்ந்த விரலால் தொட்டால் முட்டை உடைகிறது, அதே விரலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு குத்தினால் உடையாமல் விரல் உள்ளே போய்விடுகிறது என்பதை ஒரு சிறுமி தற்செயலாகக் கண்டாள். அன்று முழுக்க ஒவ்வொருவராக வந்து என் குமிழிக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு முட்டை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுவது அடுத்த விளையாட்டு. அவர்களுக்கு அப்போது இருபதுவரைதான் எண்ணத் தெரியும். ஒரு நாள் நனைத்த தட்டில் உட்கார்ந்த முட்டை ஒன்று இருபதைத் தாண்டியும் நின்றது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "இருபத்தொண்ணு" என்று எடுத்துக் கொடுத்தேன். அந்த ஒரு வாரத்தில் ஐம்பதுவரை கற்றுக்கொண்டார்கள்.

நிறங்களில் மட்டும் அவர்கள் என்னைக் கேலி செய்தார்கள். குமிழியின் மேல் ஓடும் நிறங்களைக் காட்டி, "இது என்ன, பச்சைதானே?" என்பேன். "பச்சை இல்ல டீச்சர், கிளிப்பச்சை" என்பார்கள். நான் நீலம் என்றது மயில்கழுத்து. சிவப்பு என்றது ஒரு நேரம் அரக்கு, ஒரு நேரம் வெங்காயத் தோல். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைகளுக்கு இருபது முப்பது நிறங்களின் பெயர் தெரிந்திருந்தது. முட்டையின் உச்சியில் நிறமெல்லாம் போய்க் கறுப்பாக ஒரு பொட்டு விழுந்தால் அடுத்த நொடி அது உடையும் என்பதையும் அவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். கறுப்பு தெரிந்ததும் "போவுது, போவுது!" என்று கத்துவார்கள். போய்விடும்.

அப்படியே தை மாதம் வந்தது. காலையில் பனி, அதற்குப் பிறகு நல்ல வெயில். நிறம் வெயிலில் எப்படித் தெரிகிறது என்று பார்க்கலாம் என்று ஒரு நாள் பள்ளி தொடங்கியதும் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்துப் போனேன். காற்று லேசாக வீசியது. முப்பத்திரண்டு காம்புகளிலிருந்தும் முட்டைகள் கிளம்பின. பசைத் தண்ணீர் ஆயிற்றே, உடையாமல் மதில்மேல் ஏறி, அந்தப் பக்கம் தெருவுக்குள் இறங்கிப் போயின. பிள்ளைகள் குதித்தார்கள். நானும் குதித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு குரல். எதிர்வீட்டு அம்மா. முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். எனக்குத் தினமும் வழியில் சிரித்து வைப்பவர். அன்று முகம் வேறாக இருந்தது.

"ஏமம்மா இது! டீச்சரம்மா, வெளிய வந்து பாருங்க! உங்க பசங்க எங்க பாவ நாசம் பண்ணிக்கினு இருக்குதுங்க!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டியிருந்தது. பாவு என்றால் புடவையின் நீளவாட்டு இழைகள், ஆயிரக்கணக்கில். அவற்றைக் கழிகளில் விரித்து, அரிசிக் கஞ்சி தடவி, இளவெயிலில் காயவைத்துத்தான் தறிக்குக் கொண்டுபோவார்கள். முகூர்த்த நாட்கள் வரும் மாதம் என்பதால் தினமும் யாராவது ஒருவர் பாவு நீட்டியிருப்பார்கள். நான் அதைத் தாண்டித்தான் தினமும் வருகிறேன். ஆனால் அதன்மேல் ஒரு சொட்டு பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அன்று அரக்கு நிறப் பாவு. என் பிள்ளைகளின் முட்டைகள் ஒவ்வொன்றாக வந்து அதன்மேல் உட்கார்ந்து உடைந்துகொண்டிருந்தன.

"விடிகாலையில எழுந்து நானும் அவரும் கஞ்சி போட்டு நீட்டிக்கினு இருக்கறோம். நீங்க பள்ளிக்கூடத்துல தமாஷ் பண்ணிக்கினு சோப்புத் தண்ணிய ஊதி வுடறீங்க. இது கல்யாணப் பொடவை தெரியுமா?"

எனக்குப் பின்னாலேயே தலைமையாசிரியர் வந்தார். ஓய்வுபெற ஓரிரு வருடமே இருந்த மனிதர், யாரோடும் தகராறு வேண்டாம் என்று இருப்பவர். அந்த அம்மாவுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"போதும்மா இந்த விளையாட்டு. டின்னைக் கொட்டிடுங்க."

கொட்டினேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாவின் கணவர் தறியிலிருந்து எழுந்து வந்து, சுருட்டிய பாவில் ஒரு முழத்தைப் பிரித்துக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "வெளிச்சத்துக்குச் சாய்ச்சுப் பாருங்கம்மா" என்றார். அவரே சாய்த்துப் பிடித்தபோது தெரிந்தது: கால்காசு அளவில் மங்கலான வளையங்கள், அங்கங்கே.

"மன்னிச்சுடுங்க" என்றேன்.

அவர் நல்ல மனிதர். "உங்க பசங்கதான்னு எப்படிச் சொல்றது? பனியாக்கூட இருக்கலாம். ஓட்டுலருந்து சொட்டியிருக்கும்" என்றார்.

"பனி என்னிக்கு இப்படி வட்டம் போட்டுச்சு?" என்றார் அந்த அம்மா உள்ளேயிருந்து.

மறுநாள் தலைமையாசிரியரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு நிம்மதி. "அவரே பனின்னு சொல்லிட்டாரில்ல? அதோட வுட்டுடுங்கம்மா" என்றார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்படி விட்டுவிடுவதுதான் வசதியாக இருந்தது. புது வேலை. தெருவோடு பகை வந்தால் தாங்காது. பனி என்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன்.

வகுப்பில் பிள்ளைகள் விடவில்லை. "நம்ம முட்டைதான் கறை பண்ணிச்சா டீச்சர்?" என்று கேட்டார்கள்.

"பனியா இருக்கும்னு அவங்க வீட்ல சொல்றாங்க. சரியாத் தெரியலை."

சாயக்காரர் மகள் எழுந்தாள். "தெரியலன்னா வுட்டுப் பாக்கலாமே டீச்சர்."

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை வாரமாக நாங்கள் செய்துகொண்டிருந்தது அதுதானே. சதுரத்தில் வட்டம் வருமா என்று தெரியாதபோது விட்டுப் பார்த்தோம். விரல் உள்ளே போகுமா என்று தெரியாதபோது விட்டுப் பார்த்தோம். இதை மட்டும் ஏன் வாயால் பேசித் தீர்த்துக்கொள்கிறேன்?

மதியம் திரும்பவும் எதிர்வீட்டுக்குப் போய், பாவின் கடைசியில் அறுத்துப்போடும் துண்டு நூல் கொஞ்சமும், ஒரு கிண்ணம் கஞ்சியும் கேட்டேன். எதற்கு என்று சொன்னேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தார்.

தலைமையாசிரியரிடம், "ஒரே ஒரு தடவை, ஜன்னலெல்லாம் சாத்திக்கினு செய்யறோம்" என்று கேட்டு அனுமதி வாங்கினேன். மறுநாள் காலையில் பிள்ளைகளே அரக்கு நூலை மூன்று கொத்தாகப் பிரித்துக் கஞ்சி தடவிப் பலகையில் விரித்தார்கள். ஒன்றின் மேல், சாயக்காரர் மறுபடி அனுப்பிய தண்ணீரில் முட்டைகளை ஊதி உடையவிட்டோம். இன்னொன்றின் மேல், இரவெல்லாம் ஓட்டின் அடியில் பாத்திரம் வைத்துப் பிடித்த பனித்தண்ணீரைச் சொட்டினோம்; அதைப் பிடித்துக் கொண்டுவர நாலு பேர் போட்டி போட்டார்கள். மூன்றாவதை ஒன்றும் செய்யவில்லை. எது எது என்று மறக்காமல் இருக்க, எழுதப் படிக்கத் தெரியாத அவர்கள் சாக்பீஸால் ஒன்றின் கீழே வட்டம் வரைந்தார்கள், ஒன்றின் கீழே சொட்டு வரைந்தார்கள், மூன்றாவதன் கீழே எதையும் வரையவில்லை. பலகையை வெயிலில் வைத்துவிட்டு, யாரும் தொடக்கூடாது என்று இரண்டு பேரைக் காவல் போட்டேன். காவலுக்கு நின்றவர்களைக் காவல் காக்க இன்னும் எட்டுப் பேர் தாமாகவே போய் நின்றார்கள்.

பிற்பகலில் பார்த்தோம். ஒன்றும் செய்யாத கொத்து அப்படியே இருந்தது. பனி சொட்டிய கொத்தில் லேசாக ஒரு திட்டு. விரலால் நீவினால் மறைந்தது. முட்டை உடைந்த கொத்து தெரியும்படி பலகையைச் சாய்த்துப் பிடித்தேன். வளையங்கள். எதிர்வீட்டுப் பாவில் பார்த்த அதே வளையங்கள், அதே அளவு. நீவினாலும் போகவில்லை. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தேன். பயந்துபோயிருப்பார்கள் என்று நினைத்தேன்.

"நம்ம முட்டைதான்!" என்று கத்தினான் நட்சத்திரம் கட்டியவன். "நம்ம முட்டைதான்! நம்ம முட்டைதான்!" என்று எல்லாரும் கத்தத் தொடங்கினார்கள். நான் தடுக்குமுன் பலகையைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடினார்கள். குற்றம் நிரூபணமாகிவிட்டது என்பது அவர்களுக்குப் புரியவே இல்லை. தெரியாத ஒன்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. பின்னால் நான் ஓடினேன்.

எதிர்வீட்டு வாசலில் அந்த அம்மா முறத்தோடு நின்றிருந்தார். முப்பத்திரண்டு பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு, "பனி இல்லக்கா! நாங்கதான் பண்ணோம்! நம்ம முட்டைதான்!" என்று ஒரே குரலில் முழங்கினார்கள். ஒருவன் பலகையை உயர்த்திச் சாய்த்து, "இப்படிப் பாருங்க, அப்பதான் தெரியும்" என்று அவருக்கே சொல்லிக்கொடுத்தான்.

அந்த அம்மா பலகையைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

"தப்புப் பண்ணிட்டு இவ்ளோ சந்தோஷமா வந்து சொல்ற பசங்கள இப்பத்தான் பாக்கறேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க சொல்லாம இருந்திருந்தா, எங்க வூட்டுக்காரரு பனின்னுதான் சொல்லிக்கினு இருந்திருப்பாரு" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கறையைப் போக்கவும் விட்டுப் பார்த்தோம். அந்தக் கொத்தைச் சுத்தமான தண்ணீரில் அலசி, மறுபடி கஞ்சி தடவிக் காயவைத்ததும் வளையம் போயிற்று. முழுப் பாவுக்கு அது சின்ன வேலை இல்லை. கறை பட்ட இடத்தையெல்லாம் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, மறுபடி கஞ்சி போட்டு, மறுபடி தெருவில் நீட்ட வேண்டும். அவர்களுக்கு ஒரு நாள் வேலை கெட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே கிளம்பிப் போய் அவர்களோடு நின்றேன். அவர்கள் காட்டிய இடத்தில் கழியைப் பிடித்துக்கொண்டேன். ஒற்றச் சொன்ன இடத்தில் ஒற்றினேன். பத்துமணி வெயிலில் அந்த அரக்குப் பாவு என் இரண்டு கைகளுக்கு நடுவே தெரு நீளத்துக்கு ஓடியது. பட்டு குளிர்ச்சியாக இருந்தது. நான் எதிர்பார்த்த வழவழப்பு இல்லை, கஞ்சியின் சொரசொரப்பு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "எங்கே போயிட்டு வரே?" என்று கேட்டார். சொன்னேன். பட்டைத் தொட்டேன் என்பதையும் சொன்னேன். அம்மா தட்டை எடுத்து வைத்தார். "கெடுத்ததைச் சரி பண்ணத்தானே தொட்டே? கைகால் கழுவிட்டு வந்து சாப்பிடு" என்றார்.

தலைமையாசிரியருக்கு நான் செய்தது பிடித்ததா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் டின்னைத் திரும்பக் கொண்டுவர அனுமதித்தார், ஒரு நிபந்தனையோடு: தெருவில் பாவு இருக்கும்வரை முட்டை கிடையாது. அதனால் தினமும் காலையில் இரண்டு பிள்ளைகள் வாசலில் நின்று தெருவைப் பார்ப்பார்கள். கடைசிப் பாவையும் சுருட்டி உள்ளே எடுத்துப் போனதும், "சுத்திட்டாங்க டீச்சர்!" என்று கத்திக்கொண்டு ஓடிவருவார்கள். ஒரு நாள் பள்ளி விட்டு நான் எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, தலைமையாசிரியர் தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்து, ஒரு காம்பை வைத்து ஊதிக்கொண்டிருந்தார். நான் சத்தம் போடாமல் திரும்பிவிட்டேன்.

பங்குனியில் ஒரு நாள் எதிர்வீட்டு அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றார். கையில் முடிச்சுப் போட்டு வளையமாக்கிய ஒற்றைப் பட்டு இழை. "இத வெச்சு என்னமோ செய்யலாம்னு உங்க பசங்க சொல்லிச்சுங்க" என்றார். நாங்கள் முந்தின வாரம்தான் அதைச் செய்து பார்த்திருந்தோம். மூங்கில் பிளாச்சில் கட்டிய சட்டத்தின் நடுவில் அந்த இழையைத் தொங்கவிட்டு, சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தேன். சட்டம் முழுக்கக் கண்ணாடிபோல ஒரு படலம். அதற்குள் இழை கோணல்மாணலாகக் கிடந்தது. சாயக்காரர் மகள் காய்ந்த விரலை நீட்டி வளையத்தின் உட்பக்கத்தை மட்டும் குத்தினாள். உள்ளே இருந்த படலம் உடைந்தது; அந்தக் கணமே இழை துள்ளி விரிந்து சுத்தமான வட்டமாக நின்றது.

அந்த அம்மா தெலுங்கில் தனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார். பிறகு, "எப்படி டீச்சரம்மா? பட்டு இழை தானா நிக்காதே" என்றார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். வெட்கமாக இல்லை. என் பயிற்சிப் பள்ளி ஆசிரியைக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். இரண்டு பக்கத்துக்குப் பதில் வந்தது: படலம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இழுக்கிறதாம், அதனால் வட்டமாம். அதை வகுப்பில் படித்துக் காட்டினேன். கேட்க வந்திருந்த எதிர்வீட்டு அம்மா மட்டும் கடைசிவரை நின்று கேட்டார். பிள்ளைகள் அதற்குள் இரண்டு வளையத்தை ஒரே சட்டத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான்கு வருடம் அங்கே இருந்தேன். பிறகு திருமணம், முசரவாக்கத்துக்கு மாற்றல், வேறு பள்ளிகள், வேறு பிள்ளைகள். குமிழி விடாத வகுப்பு என்று ஒன்று எனக்கு அமையவில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் அதற்குப் பிறகு எங்கும் கிடைக்கவில்லை.

பல வருடம் கழித்துக் காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் ஒரு பெண் என் முன்னால் வந்து நின்று, "டீச்சர்" என்றாள். இடுப்பில் குழந்தை. விரல் நுனியில் நிறம் எதுவும் இல்லாததால் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அப்பா பெயரைச் சொன்னதும் தெரிந்தது. சந்தோஷத்தில் பாவையும் கறையையும் அந்தப் பலகையையும் பற்றி ஒரே மூச்சில் பேசினேன். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். கொஞ்சங்கொஞ்சமாகத்தான் புரிந்தது, அவளுக்கு அது எதுவுமே ஞாபகம் இல்லை என்று.

"அப்ப ரொம்ப சின்னப் பொண்ணு டீச்சர். நீங்க தெனமும் ஜடையில மல்லிப்பூ வெச்சுக்கினு வருவீங்க, எழுதறதுக்குக் குனிஞ்சா என் ஸ்லேட் மேல ஒரு பூ வுழும். நான் எடுத்து வெச்சுக்குவேன். அதான் ஞாபகம் இருக்குது."

எனக்கு அந்தப் பூ ஞாபகம் இல்லை. இரண்டு பேரும் சிரித்தோம். ஸ்ரீபெரும்புதூர் பஸ் வந்துவிட்டது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறி, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, அதன் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள்.